முதுகுக்குப் பின்னால் ஓர் எஞ்சின்

27 அங்குலத் திரைக்கு முன்னால் 70 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்து கார்ப் பந்தய விளையாட்டு ஆடுகிறவரின் பார்வையில், அந்தத் திரை அடைத்துக்கொள்ளும் கோணம் ஏறத்தாழ 46 பாகைதான். நிஜத்தில் மனிதக் கண்களுக்குத் தலையைத் திருப்பாமலே இருபுறமுமாகக் கிட்டத்தட்ட 200 பாகை வரை தெரியும். பந்தயக் காரில் ஹெல்மெட்டும் இருக்கையின் பக்கத் தடுப்புகளும் அதில் ஒரு பங்கை மறைத்துவிடும். அப்படியும் ஓரக்கண் கொஞ்சம் மிச்சமிருக்கும். அதில் தெரிவது மங்கல்தான், எழுத்தைப் படிக்க முடியாது. ஆனால் ஏதோ ஒன்று அசைகிறது என்பது தெரிந்துவிடும். பக்கத்தில் ஒரு கார் வந்து ஒட்டிக்கொண்டதை அறிய அந்த மங்கலே போதும்.

விளையாட்டில் அந்த ஓரக்கண் கிடையாது. பார்வைக் கோணத்தை மென்பொருளில் விரித்து வைத்துக்கொள்ளலாம். விரித்தால் முன்னால் போகும் கார் சுருங்கி, இருப்பதைவிடத் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். பிரேக் போட வேண்டிய இடம் தப்பும். மூன்று திரைகளை வளைத்து வைக்கலாம், வி.ஆர். கண்ணாடி மாட்டிக்கொள்ளலாம். அதற்கெல்லாம் பணமும் இடமும் வேண்டும். ஒற்றைத் திரையில் ஆடுகிறவருக்குத் தன் கதவுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்பதே தெரியாது. வளைவில் உள்ளே திரும்புவார். அங்கே ஏற்கெனவே ஒரு கார் இருக்கும். இருவர் பந்தயமும் அத்தோடு முடியும். இணையப் பந்தயங்களில் நடக்கும் மோதல்களில் வேண்டுமென்றே செய்ததைவிட, இப்படித் தெரியாமல் செய்ததே அதிகம் என்பது என் அனுபவம்.

இந்தக் குறையை ஈடுகட்ட விளையாட்டுகள் பல வழிகளைக் கையாள்கின்றன. திரையின் மேல்விளிம்பில் ஒரு கண்ணாடி, பக்கத்தில் கார் வந்தால் ஒளிரும் அம்புக்குறி, சுற்றியுள்ள கார்களைப் புள்ளிகளாகக் காட்டும் ரேடார் வட்டம். எல்லாமே கண்ணுக்கு வேலை வைப்பவை. கண்ணுக்கோ ஏற்கெனவே தலைக்குமேல் வேலை. வளைவின் உள்முனையைப் பார்க்க வேண்டும், பிரேக் பலகையைப் பார்க்க வேண்டும், முன்னால் போகிறவரின் பின்விளக்கைப் பார்க்க வேண்டும். சும்மா இருப்பது காது ஒன்றுதான். அதற்கு 360 பாகையும் கேட்கும், அதை மூடவும் முடியாது. எதிராளி பக்கத்தில் இருப்பதை அறிய, கண்ணைவிடக் காதையே முதலில் நம்பும்படி இந்த விளையாட்டுகளை அமைத்திருக்க வேண்டும். ஏன் அப்படி அமையவில்லை, எங்கெங்கே அமைந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்தய விளையாட்டுகளின் ஒலியை அளக்க இந்தத் துறை நெடுங்காலமாக வைத்திருக்கும் அளவுகோல், அது நிஜக் காரைப் போல ஒலிக்கிறதா என்பது. ஆட்டக்காரர் இழந்ததை அது திருப்பித் தருகிறதா என்று கேட்டிருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு கேள்விகள். பல இடங்களில் இரண்டுக்கும் எதிரெதிரான விடைகள்தான் கிடைக்கும்.

காது திசை காணும் விதம்

ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு குறிப்புகளைக் கொண்டு கணிக்கிறது என்று ஆங்கிலேய இயற்பியலாளர் லார்ட் ரேலி 1907இல் விளக்கினார். இடப்பக்கத்திலிருந்து வரும் ஒலி இடது காதை முதலில் தொடும். வலது காதை எட்டத் தலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்தத் தாமதம் அதிகபட்சம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது, 0.6 முதல் 0.7 மில்லி வினாடிதான். மூளைக்கு அது போதும். இது சுமார் 1,500 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளுக்கு நன்றாகப் பயன்படுகிறது. அதற்கு மேலே போனால் தலையே ஒரு தடுப்பாகி மறுபக்கக் காதில் ஒலியைக் குறைத்துவிடும்; அந்த அளவு வேறுபாட்டை மூளை பிடித்துக்கொள்ளும். நேர் முன்னால் இருக்கும் ஒலி ஒரு பாகை நகர்ந்தாலும் நம்மால் உணர முடியும். பக்கவாட்டில் அந்தக் கூர்மை குறைந்துவிடும்.

இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. இடமுன்னாலிருந்து வரும் ஒலியும் இடப்பின்னாலிருந்து வரும் ஒலியும் இரு காதுகளுக்கும் ஒரே தாமதத்தைத் தரக்கூடும். இடமா வலமா என்பது தெளிவாகத் தெரியும். முன்னாலா பின்னாலா என்பது குழம்பும். காது மடலின் மடிப்புகள் ஒலியின் உயர் பகுதியைச் சற்றே மாற்றியமைத்து இந்தக் குழப்பத்தைக் குறைக்கின்றன. இன்னும் உறுதியான வழி தலையை லேசாகத் திருப்புவது. திருப்பும்போது ஒலி எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைக் கொண்டு முன்பின் தெரிந்துவிடும் என்று உளவியலாளர் ஹான்ஸ் வாலக் 1940இல் காட்டினார். சாதாரண ஹெட்போனில் இது நடக்காது. தலையைத் திருப்பினால் ஒலி உலகமும் கூடவே திரும்பும். வி.ஆர். கண்ணாடியிலோ தலையசைவை அளந்து ஒலியைத் திருத்துகிறார்கள். அதனால்தான் அதில் ஆடுகிறவர்கள் பின்னால் வரும் காரை எளிதில் உணர்கிறார்கள்.

பந்தயக்காரருக்கு வேண்டியதோ முன்பின் வேறுபாடுதான். எதிராளி பின்சக்கரத்தின் அருகே இருக்கிறாரா, கதவுக்கு நேரே வந்துவிட்டாரா, முன்சக்கரத்தைத் தாண்டிவிட்டாரா என்பதைப் பொறுத்தே வளைவில் யாருக்கு இடம் என்று முடிவாகும். காது மிகத் தடுமாறும் இடமும் அதுவே.

எஞ்சின் எஞ்சினை மறைக்கிறது

நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சின் வினாடிக்கு 200 முறை வெடிக்கிறது. அதன் அடிப்படை ஒலி 200 ஹெர்ட்ஸ். 8,000 சுற்றில் ஓடும் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு 400 ஹெர்ட்ஸ். இப்போது ஒரே வகைக் கார்கள் மட்டும் ஓடும் பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். ஐரேசிங் என்ற இணையப் பந்தய விளையாட்டில் சேரும் எல்லாருக்கும் முதலில் கிடைக்கும் மஸ்டா எம்.எக்ஸ்-5 பந்தயம் அப்படிப்பட்டது. நீங்கள் 6,000 சுற்றில் போகிறீர்கள். உங்கள் பின்காற்றில் ஒட்டிக்கொண்டு வருகிறவரும் ஏறக்குறைய அதே 6,000இல்தான் வருவார். இரண்டும் ஒரே எஞ்சின், ஒரே கியர், ஒரே அதிர்வெண். ஒரே அதிர்வெண்ணில் வலுத்த ஒலி இருந்தால் மெலிந்தது காதில் விழாது.

எவ்வளவு மெலிந்தது என்பதையும் கணக்கிடலாம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். உங்கள் எஞ்சின் உங்களிடமிருந்து ஒன்றரை மீட்டரிலும் பின்னால் வருகிறவருடையது 12 மீட்டரிலும் இருக்கிறது என்று கொண்டால், தூரம் மூன்று முறை இரட்டிப்பாகிறது. ஆக 18 டெசிபல் குறைவு. இதோடு காரின் கூடு தடுப்பதையும் காற்றின் இரைச்சலையும் சேர்த்தால் பின்னால் வருகிறவர் இருப்பதே தெரியாது. நிஜத்திலும் இதுவே நிலை. நிஜ ஓட்டுநர் காதடைப்பும் ஹெல்மெட்டும் போட்டிருக்கிறார். பின்னால் வரும் காரை அவர் காதால் அறிவது அபூர்வம். எனவே நிஜத்தை அப்படியே எடுத்து ஒலிக்கவிட்டால் ஆட்டக்காரருக்குக் கிடைப்பது அவருடைய எஞ்சின் மட்டுமே.

நெருங்கும் வண்டியின் சுருதி ஏறி, கடந்ததும் இறங்குவதைச் சாலையோரம் நின்று கேட்டவர்கள், அந்த டாப்ளர் விளைவு பந்தயத்திலும் உதவும் என்று நினைக்கலாம். ஓரத்தில் நிற்பவரை மணிக்கு 200 கிலோமீட்டரில் ஒரு கார் கடந்தால், நெருங்கும்போதும் விலகும்போதும் கேட்கும் சுருதிகளுக்கு நடுவே ஏறத்தாழ ஐந்தரை அரைச்சுர இடைவெளி இருக்கும். பந்தயக்காரர் நிற்கவில்லை, அவரும் ஓடுகிறார். நீங்கள் 200இலும் எதிராளி 220இலும் போனால் அவர் உங்களைக் கடப்பதற்கு முன்னும் பின்னும் உள்ள வேறுபாடு அரைச்சுரத்தில் பாதியைச் சற்றே தாண்டும். இருவரும் ஒரே வேகத்தில் போனால் ஒன்றுமே இல்லை. பந்தயத்தின் மிக நெருக்கமான கட்டத்தில், அதாவது இருவரும் தோளோடு தோள் உரசிப் போகும்போது, டாப்ளர் கைவிட்டுவிடுகிறது.

அந்த நேரத்தில் உதவுபவை வேறு. 6,000இல் ஓடும் உங்கள் எஞ்சினுக்கும் 6,050இல் ஓடும் அவருடையதற்கும் அதிர்வெண் வேறுபாடு ஒன்றே முக்கால் ஹெர்ட்ஸுக்குள்தான். இரண்டும் சேரும்போது, சுருதி சேராத தம்புராவின் இரு தந்திகளைப் போல, வினாடிக்கு ஓரிரு முறை ஓர் அலை எழுந்தடங்கும். பழகிய காது அந்த அலையைப் பிடித்துக்கொள்ளும். அவர் கியர் மாற்றும் நொடி உங்கள் நொடியோடு ஒத்துப்போகாது. அந்த இடறல் தனியாகக் கேட்கும். டயர் கிறீச்சிடுவது எஞ்சினைவிட உயர்ந்த ஒலி; அதை எஞ்சின் அவ்வளவாக மறைக்காது, திசையும் தெளிவாகத் தெரியும். முன்னால் போகிறவரின் கார் உங்களுக்குப் புகைக்குழாயைக் காட்டுகிறது, பின்னால் வருகிறவரின் கார் முகப்பைக் காட்டுகிறது. முன்னது கரகரப்பாகவும் பின்னது மூக்கடைத்தாற்போலவும் ஒலிக்கும். ஒலிப்பதிவாளர்கள் புகைக்குழாய்க்கும் முகப்புக்கும் தனித்தனி மைக் வைத்துப் பதிவு செய்து, காரின் திசைக்கேற்ப இரண்டையும் கலந்தால், காது தடுமாறும் அந்த முன்பின் குழப்பத்துக்கே ஒரு விடை கிடைக்கிறது.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகப் பிடித்தது பிரேக் போடும் கணம். மான்ஸா பந்தயப் பாதையின் நீண்ட நேர்பாதை முடியும் இடத்தில் முதல் வளைவு, வலமாக ஒரு திருப்பம், உடனே இடமாக ஒன்று. அதுவரை எஞ்சின் முழுக் கத்தலில் இருக்கிறது, வேறெதுவும் காதில் விழாது. தூரப் பலகைகளுக்கு அருகே காலை எடுத்து பிரேக்கை மிதிக்கிறீர்கள். உங்கள் எஞ்சின் சட்டென்று தணிகிறது. அந்த அரை நொடி இடைவெளியில், இதுவரை மறைந்திருந்த இன்னோர் எஞ்சின் வலப்பின்புறம் முழுக் கத்தலில் கேட்டால் ஒரே பொருள்தான்: அவர் இன்னும் பிரேக்கே போடவில்லை. உள்பக்கம் நுழையப் பார்க்கிறார். கண்ணாடியைப் பார்த்து முடிவெடுக்க நேரம் இல்லை. வலப்பக்கம் ஒரு கார் அகலம் விட்டுவிட்டு வெளிப்பக்கமாகத் திரும்பினால் பந்தயம் பிழைக்கும். அம்புக்குறி இதைச் சொல்லாது. அது கார் பக்கத்தில் வந்தபிறகுதான் ஒளிரும். வரப்போகிறவரின் நோக்கத்தை முன்கூட்டிச் சொல்வது அந்த எஞ்சின் ஒலி மட்டும்தான்.

எட்டுத் தடத்திலிருந்து முப்பரிமாணம் வரை

ஒலியால் எதிராளியை உணர்த்துவதற்கு முதல் தடை பொறியின் வலுக்குறைவாகவே இருந்தது. 1992இல் சூப்பர் மரியோ கார்ட் என்ற பந்தய விளையாட்டு வந்தபோது அது ஓடிய சூப்பர் நிண்டெண்டோவின் ஒலிச் சில்லில் மொத்தமே எட்டுத் தடங்கள். பின்னாளில் பிளேஸ்டேஷனை உருவாக்கிய கென் குதராகி வடிவமைத்த சில்லு அது. இசை, குதிப்பு, மோதல், சறுக்கல் எல்லாம் அந்த எட்டுக்குள் அடங்க வேண்டும். களத்தில் எட்டு வண்டிகள் ஓடும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எஞ்சின் கொடுத்தால் இசைக்கு இடமில்லை. பிளேஸ்டேஷனில் தடங்கள் 24 ஆயின. 1997 டிசம்பரில் வந்த கிரான் டுரிஸ்மோ என்ற பந்தய விளையாட்டில் ஆறு கார்கள் மட்டுமே ஓடின. அந்தக் கணக்கில் ஒவ்வொரு எதிராளிக்கும் ஒரு குரல் கொடுக்க இடம் கிடைத்தது.

கணினியில் வேறொரு கதை நடந்தது. 1990களின் பிற்பாதியில் ஆரியல் நிறுவனத்தின் ஏ3டி தொழில்நுட்பம், காது மடலும் தலையும் ஒலியை மாற்றும் விதத்தைக் கணக்கிட்டு, சாதாரண ஹெட்போனிலேயே முன், பின், மேல், கீழ் என்று திசை காட்டியது. போட்டியாளரான கிரியேட்டிவ் தொடுத்த வழக்கின் செலவில் ஆரியல் நொடித்து 2000இல் திவாலானது. அதன் சொத்துகளை கிரியேட்டிவே வாங்கிக்கொண்டது. 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது ஒலி அட்டைகள் தாமே முப்பரிமாணக் கணக்கைச் செய்ய இருந்த வழியையும் மைக்ரோசாஃப்ட் அடைத்தது. திரையின் வரைகலை ஆண்டுக்கு ஆண்டு பாய்ந்து முன்னேறிய அதே காலத்தில் திசையொலி பின்னோக்கிப் போனது. இதை நினைக்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. பந்தய விளையாட்டுக்கு இன்னும் சில ஆண்டு முன்பே கிடைத்திருக்கக்கூடிய ஒன்று தள்ளிப்போனது.

2020இல் பிளேஸ்டேஷன் 5 அந்த முப்பரிமாண ஒலிக் கணக்குக்கென்றே டெம்பெஸ்ட் என்ற தனிப் பொறியோடு வந்தது. தலையின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், தனக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்க ஐந்து அமைப்புகளும் அதில் இருந்தன. 2022 மார்ச்சில் வெளியான கிரான் டுரிஸ்மோ 7 இந்தப் பொறியைப் பயன்படுத்துகிறது. கணினியில் அசெட்டோ கோர்சா போன்ற பந்தய விளையாட்டுகள் எஃப்மாட் என்ற ஒலி மென்பொருளை நம்பியிருக்கின்றன. அதனால் ஆர்வலர்களே காரின் ஒலியைப் பிரித்து மேம்படுத்தி வெளியிடுகிறார்கள். இன்று தடங்களுக்குப் பஞ்சமில்லை, கணிக்கும் திறனுக்கும் பஞ்சமில்லை. இனி இது விருப்பத்தைப் பொறுத்தது.

எதை வலுப்படுத்துவது, எதைத் தணிப்பது என்பதில்தான் கலை இருக்கிறது. டைஸ் நிறுவனம் 2008இல் பேட்டில்ஃபீல்ட்: பேட் கம்பெனி என்ற போர் விளையாட்டில், அந்த நேரத்தில் மிக வலுத்த ஒலிக்கேற்ப மற்றவற்றைத் தானாகவே அடக்கும் முறையைக் கொண்டுவந்தது. அருகில் குண்டு வெடித்தால் காலடி ஓசை கேட்காது. அங்கே அது பொருத்தம். பந்தயத்தில் மிக வலுத்த ஒலி எப்போதும் நம் எஞ்சின்தான். அதே விதியைப் பின்பற்றினால் எதிராளிகள் அடியோடு மறைந்துபோவார்கள். இங்கே வேண்டியது தலைகீழான விதி. ஒரு கார் ஐந்து மீட்டருக்குள் வந்தால் நம் எஞ்சினை இரண்டு மூன்று டெசிபல் தணித்து, வந்தவரின் டயர், கியர், புகைக்குழாய் ஒலியை மேலே கொண்டுவர வேண்டும். நிஜத்தில் அப்படி நடக்காது என்பது சரி. நிஜத்தில் ஓரக்கண் இருக்கிறதே!

மேலிருந்து வரும் குரல்

அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்தில் ஸ்பாட்டர் என்று ஒருவர் உண்டு. மைதானத்தின் உச்சியில் நின்று பாதை முழுவதையும் பார்த்து, வானொலியில் தன் ஓட்டுநருக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். அலபாமாவின் டல்லடேகா பாதை 4.28 கிலோமீட்டர், வளைவுகளில் 33 பாகைச் சரிவு. அங்கே 40 கார்கள் மூன்று வரிசையாக ஒட்டிக்கொண்டு மணிக்கு 300 கிலோமீட்டரை நெருங்கும்போது, இருக்கையின் தடுப்புகளுக்கு நடுவே தலையைப் பொருத்தி உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரால் பக்கத்தைச் சரியாகப் பார்க்க முடியாது. அவருடைய பக்கப் பார்வை அந்த ஆளின் குரல்தான். ஸ்பாட்டர் இல்லாமல் காரை ஓட்ட நாஸ்கார் அனுமதிப்பதில்லை.

இந்தக் குரலை விளையாட்டுக்குள் முதலில் நன்றாகக் கொண்டுவந்தவர்களில் பாப்பிரஸ் நிறுவனம் முக்கியமானது. அதன் நாஸ்கார் விளையாட்டுகளில் ஸ்பாட்டர் பேசுவார். அந்த நிறுவனத்தின் டேவிட் கெம்மர், தொழிலதிபர் ஜான் ஹென்றியுடன் சேர்ந்து தொடங்கிய ஐரேசிங் 2008 முதல் அதே மரபைத் தொடர்கிறது. இடப்பக்கம் கார், இன்னும் இருக்கிறது, மூன்று பேர் வரிசையில் நடுவில் நீ, விலகிவிட்டது. இவ்வளவுதான் அந்தப் பேச்சு. க்ரூ சீஃப் என்ற இலவச மென்பொருள் இந்தக் குரலைப் பல விளையாட்டுகளுக்கும் கொண்டுபோயிருக்கிறது. நெருக்கமான பந்தயத்தில் அது இல்லாமல் ஓட்டவே மனம் வராத ஆட்டக்காரர்கள் ஏராளம்.

குரலுக்கு ஒரு விலை உண்டு. இரண்டு சொல்லைச் சொல்ல அரை வினாடி ஆகும். 20 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் வருகிறவர் அதற்குள் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் முன்னேறிவிடுவார். சொல்லி முடிக்கும்போது நிலைமை மாறியிருக்கும். மேலும் சொல் இருக்கிறது அல்லது இல்லை என்று மட்டுமே சொல்கிறது. எவ்வளவு நெருக்கம், எவ்வளவு வேகமாக நெருங்குகிறார் என்பதைச் சொல்லாது. தொடர்ந்து மாறும் ஓர் ஒலி அதைச் சொல்லும். கண்ணுக்குத் தோன்றும் குறிக்கு எதிர்வினை செய்யச் சுமார் 190 மில்லி வினாடி என்றால், காதில் விழும் எளிய ஒலிக்கு 150தான். என் கணிப்பில் இரண்டும் சேர்ந்தே வேண்டும். நெருங்கும்வரை ஒலி, பக்கத்தில் வந்ததும் ஒரு சொல், விலகியதும் ஒரு சொல். வேறெந்த நேரத்திலும் குரல் வாயைத் திறக்கக் கூடாது.

ஆபத்தை ஒலியால் உணர்த்தும் விஷயத்தில் மரியோ கார்ட் 8 பல சிமுலேட்டர்களைவிட முன்னே நிற்கிறது என்பேன். முதலிடத்தில் போகிறவரை வீழ்த்த வரும் நீல ஓடு நெருங்கும்போது எச்சரிக்கை ஒலி எழும். அதைக் கேட்டு, கையில் இருக்கும் ஊதுகுழலைச் சரியான நொடியில் ஊதினால் ஓடு உடைந்துவிடும். ஆபத்தும் ஒலி, தப்பிப்பும் ஒலி. ஆறு வயதுக் குழந்தையும் இதைச் சொல்லித்தராமலே கற்றுக்கொள்கிறது.

கண் இல்லாமல் ஓட்டியவர்கள்

இந்தத் துறையில் உண்மையான ஆராய்ச்சி நடந்தது பார்வையற்றவர்களின் விளையாட்டுகளில்தான். பெரிய நிறுவனங்கள் அழகுக்காக ஒலி சேர்த்த காலத்தில், இவர்களுக்கு ஒலியே பாதையாகவும் கண்ணாடியாகவும் இருந்தது. திரையே தேவைப்படாத டாப் ஸ்பீட் என்ற விளையாட்டில், உங்கள் எஞ்சின் எந்தக் காதில் வலுக்கிறது என்பதைக் கொண்டு சாலையின் எந்தப் பக்கம் ஒதுங்குகிறீர்கள் என்று அறிந்துகொள்வீர்கள்; அடுத்து வரும் வளைவைக் கூடவே இருக்கும் துணை ஓட்டுநர் குரலில் சொல்வார்; எதிராளிகள் அவரவர் எஞ்சின் ஒலியாகவே உங்களைக் கடந்துபோவார்கள். பார்க்கிறவர்களுக்கு என்று செய்த விளையாட்டை ஒலியாக மாற்றாமல், ஒலியிலிருந்தே தொடங்கிய பந்தயம் இது.

ஆனால் வளைவுகளை முன்கூட்டியே சொல்லிவிட்டால், ஓட்டுகிறவர் சொன்னபடி செய்வதைத் தவிர அவருக்கு முடிவெடுக்க என்ன இருக்கிறது? கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பிரையன் ஸ்மித்தும் ஸ்ரீ நாயரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியை நேரே எதிர்கொண்டது. அவர்கள் உருவாக்கிய ரேட் என்ற ஒலி முகப்பில் இரண்டு பகுதிகள். ஒன்று, கார் பாதையின் எந்த இடத்தில், எந்தத் திசை நோக்கி, என்ன வேகத்தில் போகிறது என்பதை இடைவிடாமல் சொல்லும் ஒலி. மற்றொன்று, வரப்போகும் வளைவின் கூர்மையையும் நேரத்தையும் சொல்லும் குறி. என்ன செய்ய வேண்டும் என்று அது கட்டளையிடுவதில்லை. நிலைமையைச் சொல்லிவிட்டு முடிவை ஓட்டுகிறவரிடமே விட்டுவிடுகிறது. எந்தக் கோட்டில் போவது, எங்கே பிரேக் போடுவது என்பதெல்லாம் அவர் கையில். தகவல் கொடு, கட்டளை கொடுக்காதே என்ற இந்தக் கொள்கை எதிராளி ஒலிக்கும் அப்படியே பொருந்தும். இடப்பக்கம் ஒதுங்கு என்று சொல்லும் விளையாட்டு எனக்கு வேண்டாம். வலப்பக்கம் யார், எவ்வளவு அருகில் என்று சொன்னால் போதும்; ஒதுங்குவதா மறிப்பதா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

டர்ன் 10 நிறுவனம் உருவாக்கி 2023 அக்டோபரில் வெளியான ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட் பார்வையற்றோருக்கான ஓட்டுநர் உதவிகளோடு வந்தது. பார்வையற்ற ஆட்டக்காரரும் அணுகல் ஆலோசகருமான பிராண்டன் கோல் அவற்றை உருவாக்குவதில் நிறுவனத்தோடு சேர்ந்து உழைத்தார். பாதையின் விளிம்பு, வளைவின் திசை, வேகம் குறைக்க வேண்டிய நேரம், கியர் மாற்றும் நேரம் என ஒவ்வொன்றுக்கும் தனி ஒலி. பெரும் செலவில் எடுக்கப்பட்ட, கடைகளில் முன்வரிசையில் நிற்கும் பந்தய விளையாட்டு ஒன்றில் இது நடந்தது. இதில் நான் காணும் பெரிய விஷயம் இன்னொன்று. ஒலிக் குறிகளை யதார்த்தத்துக்குக் கேடு என்று ஒதுக்கிவந்த ஒரு துறை, கண்ணைத் தொடாமலே ஒரு பாதையை ஓட்டி முடிக்க முடியும் என்று தன் சொந்த விளையாட்டிலேயே நிரூபித்துவிட்டது. அந்த ஒலிகளில் சிலவற்றைப் பார்வையுள்ள ஆட்டக்காரர்களும் ஏன் போட்டுக்கொள்ளக் கூடாது? கியர் மாற்றும் நேரத்தைக் காதால் அறிந்தால் கண் பாதையிலேயே இருக்கும்.

காது கேளாதவர்களை இங்கே மறந்துவிட முடியாது. ஒலியில் மட்டும் இருக்கும் செய்தி அவர்களுக்குப் போய்ச் சேராது. அம்புக்குறியையும் ரேடாரையும் நான் குறை சொன்னேன். அவர்களுக்கு அவையே வழி, அதோடு இருக்கையையும் ஸ்டியரிங்கையும் அதிரவைக்கும் கருவிகள் இருக்கின்றன. இடப்பக்க அதிர்வுக்கும் வலப்பக்க அதிர்வுக்கும் வேறுபாடு கொடுத்தால் தோலே காதின் வேலையைச் செய்யும். ஒரே செய்தி கண்ணுக்கும் காதுக்கும் தோலுக்கும் தனித்தனியே கிடைக்க வேண்டும். எதை எடுத்துக்கொள்வது என்பது ஆடுகிறவர் விருப்பம்.

இணையத்தில் ஆடும்போது இன்னொரு சிக்கல். எதிராளியின் கார் உங்கள் கணினியில் தெரியும் இடம் ஓர் ஊகம். செய்தி வந்துசேரத் தாமதம் ஆவதால் அவர் எங்கே இருப்பார் என்று மென்பொருள் கணித்துப் போடுகிறது. 200 கிலோமீட்டர் வேகத்தில் 100 மில்லி வினாடித் தாமதம் என்றால் ஐந்தரை மீட்டர், ஒரு காரின் நீளத்தைவிட அதிகம். இணைப்பு மோசமான ஒருவர் நெருங்கும்போது அவருடைய கார் முன்னும் பின்னும் துள்ளும், ஒலியும் அதோடு துள்ளும். இதைத் தீர்க்க முடியாவிட்டாலும், அப்படிப்பட்டவரின் ஒலியைச் சற்றே அகலப்படுத்தி, இந்த இடத்தில்தான் என்று உறுதியாகச் சொல்லாமல் இந்தப் பக்கம் எங்கோ என்று சொன்னால் நேர்மையாக இருக்கும்.

கடைசியாக மின்சாரக் கார்கள். 2014 செப்டம்பரில் பெய்ஜிங்கில் தொடங்கிய ஃபார்முலா ஈ பந்தயத்தின் கார்கள் ஆர்ஃபேக்டர் 2 போன்ற விளையாட்டுகளுக்குள்ளும் வந்துவிட்டன. எஞ்சின் முழக்கம் இல்லாததால் இவற்றில் உயிர் இல்லை என்று பலர் சொல்கிறார்கள். இந்தக் கட்டுரையின் கேள்விக்கு அவை ஒரு வாய்ப்பு என்று நான் நினைக்கிறேன். மோட்டாரும் பற்சக்கரமும் எழுப்பும் கூர்மையான கீச்சொலி எஞ்சினைவிட உயர்ந்தது. நம் வண்டியின் பேரிரைச்சல் இல்லாததால் பக்கத்துக் காரின் டயர் ஓசை, அது காற்றைக் கிழிக்கும் ஓசை, பிரேக் உரசும் ஓசை எல்லாம் மறைக்கப்படாமல் கேட்கும். கீச்சொலியின் சுருதி வேகத்தோடு நேராக ஏறி இறங்குவதால், பின்னால் வருகிறவர் நம்மைவிட வேகமா மெதுவா என்பதை இரண்டு சுருதிகளையும் ஒப்பிட்டே சொல்லிவிடலாம். பெட்ரோல் காரில் கியர்கள் குறுக்கே வந்து அந்தக் கணக்கைக் குழப்பும். மின்சாரப் பந்தயத்துக்கு ஒலி அமைக்கிறவர்கள் அதற்குச் செயற்கையாக ஒரு முழக்கம் சேர்க்கும் முன், கண்ணை மூடி இரண்டு கார்களை அருகருகே ஓடவிட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டும்.